கயாவில் எழுதிய பெயர்

என் தங்கை அன்னப்பிள்ளை பன்னிரண்டு வருடம் ஒரே ஒரு கேள்விக்கு மறுமொழி தேடினாள். புருஷன் இருக்கிறாரா, செத்துப்போனாரா என்பதுதான் கேள்வி. மறுமொழி தேடி நானும் அவளும் காசிக்கும் கயாவுக்கும் போய் வந்தோம். கிடைத்ததை வைத்து அவள் சமாளித்திருப்பாள். நான்தான் கெடுத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதைச் சொல்லும்போதும் அது வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கத்து ஆட்கள். பிரித்துப் பிரித்துக் கடைசியில் ஒரு வாழைக்குக் கிடங்கு வெட்டவும் காணாத காணியாய்ப் போனதால் நாற்பத்தெட்டில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தோம். எனக்கு ஒரு துண்டு வயல், வாய்க்காலுக்கு மறுகரையில் அன்னத்தின் புருஷன் ஐயாத்துரைக்கு ஒரு துண்டு. மச்சான் தேவாரம் பாடினால் வழியில் போகிறவன் நின்று கேட்பான். வரம்பு கட்டினால் மாடு சிரிக்கும். கமக்காரன் என்று அவரைச் சொன்னது அரசாங்கத்துக் கடதாசி மட்டுந்தான்.

ஐம்பத்தொன்று ஆவணியில், தாய் தகப்பனுக்குக் கயாவில் பிண்டம் வைக்க வேண்டும் என்று ஊர் ஆட்கள் ஐந்து பேரோடு மச்சான் புறப்பட்டார். ஐப்பசியில் ஐந்து பேரும் கங்கைச் செம்போடு திரும்பினார்கள். இவர் இல்லை. கயாவுக்குத் தனியப் போயிட்டுப் பின்னால வாறன் எண்டவர் என்றார்கள். காசியிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. “நான் சுகம். நெல்லைப் பார்த்துக்கொள்ளவும்.” இவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை.

அன்னம் நெல்லைப் பார்த்தாள். ஆறு வயது மகள் கமலாசனியைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் தண்ணீர் முறைக்குச் சண்டை பிடித்தாள், பன்றிக்குக் காவல் இருந்தாள், மாடு கட்டிச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்தாள். ஒவ்வொரு நாளும் முழுகிக் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டுதான் வயலில் இறங்குவாள். அந்தப் பொட்டு ஊருக்குப் பெரிய தலையிடியாய்ப் போய்விட்டது. ஒரு வீட்டில் ஆலாத்தி எடுக்கக் கூப்பிடுவார்கள். அடுத்த வீட்டில் அவள் படலையைத் திறந்ததும் பெண்கள் கதையை மாற்றுவார்கள். சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒருத்தியை எந்தப் பாயில் உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பாவம், அவர்களைத் திட்டியும் பயனில்லை. திட்டினேன் என்பது வேறு.

அறுபத்துமூன்றில் கமலாசனிக்குப் பூவரசங்குளத்தில் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை தவராசா, நல்ல பெடியன். அவனுடைய தாய்மாமன் அப்புத்துரை மட்டும் ஒரு கொக்கி போட்டார்.

“தகப்பன் உயிரோட இருக்கிறார் எண்டால் தாய் பொட்டோட மணவறைக்கு வரலாம். இல்லையெண்டால் பன்னிரண்டு வருசம் முடிஞ்சுது, தர்ப்பையில உருவஞ்செய்து எரிச்சுக் காரியத்தை முடியுங்கோ. ரெண்டுங் கெட்டானாய் நிக்கிறது எங்கட பிள்ளைக்குக் கூடாது.”

அன்றைக்கு அன்னம் என் வீட்டுக்கு வந்து குசினி வாசலில் குந்திக்கொண்டு சொன்னாள். “அண்ணை, புல்லைக் கட்டி எரிக்க எனக்கு மனம் வரேல்லை. நான் ஒருக்காப் போய்ப் பாக்கப்போறன். இருந்தால் பொட்டோட நிக்கிறன். செத்திட்டார் எண்டால் அங்கையே அழிச்சுப்போட்டு வாறன். என்ரை பிள்ளையை நான் கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். எனக்கு அது காணும்.”

இரண்டு எருமைகளை விற்றாள். புரட்டாதியில் கிளிநொச்சியில் ரயில் ஏறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்தோம். தனுஷ்கோடியில் இறங்கி இராமேசுவரத்தில் முழுகி, அங்கிருந்து மண் எடுத்துக்கொண்டு ஐந்தாம் நாள் காசியில் நின்றோம்.

காசியைப் பற்றி ஆட்கள் என்னென்னவோ சொல்வார்கள். நான் கண்டது சந்து, சந்துக்குள் மாடு, மாட்டுக்குப் பின்னால் பிணம். கேதார கட்டத்துப் பக்கம் ஒரு சத்திரத்தில் தமிழ்க் குரல் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அங்கே படுத்துக்கொண்டு எட்டு நாள் தேடினோம். காவி கட்டிய ஒவ்வொரு முகத்தையும் அன்னம் குனிந்து பார்த்தாள். படித்துறையில் கண்ணை மூடியிருந்த ஒருவருக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றாள். அவர் கண்ணைத் திறந்து தெலுங்கில் ஏசினார். சாரநாத்தில் இலங்கை ஆட்கள் வந்து தங்கும் மடம் உண்டு என்று கேள்விப்பட்டு, ஊர்ப் புதினம் கேட்க மச்சான் அங்கே போயிருக்கக்கூடும் என்று அங்கேயும் போனோம். அநுராதபுரத்துப் பிக்கு ஒருவர் எங்களை உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார். அப்படி ஒருவரைத் தான் அறியவில்லை என்றார். வைக்கோற்போரில் ஊசி தேடின கதைதான்.

“இனிக் கயாவுக்குப் போவம்” என்றேன். “வந்த நோக்கத்துக்குப் பிண்டம் வைச்சிருப்பார்தானே. அங்கை ஏதும் சொல்லியிருப்பார்.”

கயாவில் வருகிறவர்களின் பெயரையும் ஊரையும் புரோகிதர்கள் புத்தகத்தில் பதிந்து வைப்பார்கள். யார் யாருக்குப் பிண்டம் என்பதை வந்தவர் தன் கையாலேயே எழுத வேண்டும். இலங்கைக்காரரைக் கவனிக்கும் புரோகிதர் நல்ல தமிழ் பேசினார். சிவப்புத் துணியில் சுற்றிய நீளப் புத்தகத்தை அவிழ்த்துக் கர வருடம், புரட்டாதி அமாவாசை என்று தாளைப் புரட்டினார். மச்சானின் எழுத்து. எனக்குத் தெரியும், அன்னத்துக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

முதல் வரி தகப்பன் பெயர். இரண்டாம் வரி தாய் பெயர். மூன்றாம் வரியில் “மனைவி அன்னப்பிள்ளை, காலஞ்சென்றவர்” என்று இருந்தது. நாலாவது வரி அவருடைய சொந்தப் பெயர். மகளின் பெயரை எழுதவில்லை. அந்த மட்டில் கருணை.

புரோகிதர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. “சன்னியாசம் வாங்கிக்கப் போறவர் தனக்குத்தானே பிண்டம் வெச்சுக்கணும்” என்றார் மெதுவாக. “ஆம்படையாள் இருந்தா அவ சம்மதம் வேணும். காலமாயிட்டான்னு சொன்னா யாரும் கேக்கமாட்டா. அப்புறம் அவர் இருக்காரா போயிட்டாரான்னு பாக்கறது உங்க பொறுப்பில்லேம்மா. சன்னியாசிக்குப் பிண்டமும் கிடையாது.”

அன்னம் அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. “இந்த அமாவாசைக்கு நான் விதைச்சுக்கொண்டு நிண்டனான், அண்ணை” என்றாள். “வந்திடுவார், கூலி ஆள் வேண்டாம் எண்டு நான் தனியத்தான் விதைச்சனான்.”

அந்தத் தாளைக் கிழித்துப் பல்குனி ஆற்றில் போட வேண்டும் என்று புத்தகத்தைப் பிடித்து இழுத்தேன். புரோகிதர் மறுபக்கம் இழுத்தார். இரண்டு கிழவன்மார் சந்நிதியில் புத்தகத்துக்கு இழுபறிப்பட்டோம், வெட்கக்கேடு. அன்னம்தான் என் கையை விலக்கினாள். பிறகு புரோகிதரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

“ஐயா, குடுத்த பிண்டத்தைத் திருப்பி எடுக்கேலுமோ?”

“இல்லேம்மா. என் தோப்பனார் காலத்திலேர்ந்து இதை யாரும் கேட்டதில்லே.”

திரும்பினோம். தனுஷ்கோடியில் கப்பல் ஏறிக் கரை மறைந்த பிறகுதான் அன்னம் வாயைத் திறந்தாள்.

“அண்ணை, ஆளைக் காணேல்லை, ஆனால் செத்ததாயும் ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. அது பொய்யில்லைத்தானே. கலியாணம் முடியட்டும். புத்தகத்தில இருந்த கதை எனக்கும் உங்களுக்கும் மட்டும். மச்சாளுக்கும் சொல்லாதேங்கோ.”

“ஓம், சத்தியமாய்ச் சொல்லன்” என்றேன். என் மனைவிக்கும் சொல்லவில்லை. மூன்று மாதம் நாக்கைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அப்புத்துரையும் பூவரசங்குளத்து ஆட்களும் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார்கள். செத்த செய்தி இல்லாதவரை தாய் சுமங்கலிதான், பொட்டோடு வரட்டும் என்று முடிவாயிற்று. அந்த மார்கழி முழுவதும் அன்னம் அரிசி இடித்த சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. பன்னிரண்டு வருடத்தில் அவள் பாட்டு முணுமுணுத்ததை நான் அப்போதுதான் கேட்டேன்.

தை பிறந்தது. பொன்னுருக்குக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்குக்குப் பெண் வீட்டு ஆண்கள் போய் இருக்க வேண்டும். தட்டார் குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதுகிறார், சபை நிறைய ஆட்கள். அந்த நேரம் பார்த்து அப்புத்துரை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு என்னைக் கேட்டார்.

“காசிக்குப் போன ஆள் அங்கை ஒரு வடக்கத்திப் பொம்பிளையோட குடித்தனம் எண்டு ஊரில கதை. நீங்கள் கண்ணால கண்டிட்டுத்தான் மறைக்கிறியளாம். மெய்யோ, சிற்றம்பலத்தார்?”

நாலு பேர் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “நல்ல பகிடி” என்று நானும் சிரித்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை.

“வாயைக் கழுவிப்போட்டுக் கதையும்” என்றேன். “என்ரை மச்சான் சன்னியாசி. கயாவில தனக்கும் என்ரை தங்கச்சிக்கும் பிண்டம் வைச்சு எல்லாத்தையும் அறுத்துப்போட்டுக் காவி கட்டின மனிசன். அந்த எழுத்தை நான் என்ரை கண்ணால பாத்தனான்.”

மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அந்த விநாடி நினைத்தேன். தட்டார் ஊதுவதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் தாய் உள்ளேயிருந்து வாசலுக்கு வந்தார்.

“ஆருக்குப் பிண்டம் வைச்சவர்? உயிரோட இருக்கிற மனிசிக்கோ?”

குருக்களைக் கேட்டார்கள். கயாவில் பிண்டம் வாங்கிய பெயர் பிதிர்களோடு சேர்ந்த பெயர், அந்த ஆள் மங்கல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பொன் உருகிவிட்டது, கலியாணத்தை நிறுத்துவது அபசகுனம். ஆகவே கலியாணம் நடக்கும், தாய் மட்டும் கண்ணிலே படக்கூடாது என்று தீர்த்தார்கள். தாரை வார்க்க நானும் என் மனைவியும்.

அன்னத்திடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் பலகாரத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்தாள்.

“கலியாணம் நிக்கேல்லைத்தானே?”

“இல்லை.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினாள். அந்த மாவை அவள் பிறகு தொடவில்லை.

கலியாணத்தன்று விடியமுன்னரே பின்வளவில் வைக்கோற் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சமையற்காரருக்கு உதவவும் விடவில்லை. கெட்டிமேளம் கேட்டபோது எழுந்து நின்றாளாம், என் மனைவி பார்த்துச் சொன்னாள். தாலி ஏறியதும் கமலாசனி கூறைச் சேலையோடு, மாலையோடு, பின்வளவுக்கு ஓடினாள். நான் பின்னால் போனேன். அன்னம் இரண்டு கையையும் பின்னுக்கு வைத்துக்கொண்டு விலகி விலகிப் போனாள்.

“கிட்ட வராதை பிள்ளை. கூறையில பட்டிடுவன். போ, மாமி தேடப்போறா.”

கமலாசனி அந்த மண்ணில் விழுந்து கும்பிட்டாள். தாயின் கால் நாலு முழம் தள்ளி இருந்தது. மாமி வந்து கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வெளிக்கிட்டுப் போனபின் ஒரு இலையில் சோறு எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இலையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் வாங்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

“அவர் ஆரும் அறியாத ஊரில போய் எனக்குப் பிண்டம் குடுத்தவர், அண்ணை” என்றாள். “நீங்கள் சபையில வைச்சுக் குடுத்துப்போட்டியள்.”

“ஓம்” என்றேன்.