சனிக்கிழமை மாலையில் கூட்டம் போட்ட பிரீடா

எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். அந்தச் செய்தியை 'வடக்குத் தொழிலாளி' பத்திரிகையின் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று அப்பாதான் என்னை அனுப்பினார். கூட்டுறவுக் கடையின் மாடியில் இருந்தது அலுவலகம். ஆசிரியர் பிரீடா மல்கின் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தார். நியூயார்க் தையல்காரர்களிடையே வளர்ந்தவர். கம்யூனிஸ்ட் கட்சி அவரை, பின்லாந்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் மிச்சிகன் காட்டுக்கு அனுப்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

"முதல் பக்கம் மரம் வெட்டுறவங்களுக்கு. உனக்கு மூணாம் பக்கம், தோழர். உங்கப்பாவுக்குக் கோபம்னா மாடி ஏறி வந்து திட்டச் சொல்லு."

மரம் வெட்டுபவர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். முகாமில் சாப்பாடு தீர்ந்துவிட்டது. ஊர் கூடித் தொழிலாளர் மன்றத்துச் சமையலறையைத் திறக்காவிட்டால், திங்களன்று பழைய கூலிக்கே காட்டுக்குள் போய்விடுவார்கள். பிரீடா பெரிய எழுத்தில் அறிவித்தார்: சனிக்கிழமை மாலை, மன்றத்தில் ஒருமைப்பாட்டுக் கூட்டம்.

அன்று மாலை அவ்வழியே போனபோது எட்டிப் பார்த்தேன். வரிசையாகக் காலி நாற்காலிகள். மேடையில் பிரீடா மட்டும்.

"ஊரே முதலாளி பக்கம் சாஞ்சிடுச்சா?"

"இல்லீங்க. குளிக்கப் போயிருக்காங்க."

"எல்லாருமா?"

"சனிக்கிழமையாச்சே. பின்லாந்துக்காரங்க சவுனாவுல இருப்பாங்க, நீராவிக் குளியல் கொட்டகையில."

"அச்சுக் கோத்த உர்ஹோவும் உங்காளுதானே? அவராவது சொல்லியிருக்கலாமே?"

"வர்ற வழியில கேட்டேன். தெரிஞ்சேதான் போட்டிருக்கீங்கன்னு நெனச்சாராம்."

பிரீடா மேடையை விட்டு இறங்கி வந்தார். "உங்க வீட்டுல இப்ப யார் குளிக்கிறாங்க?"

"பொம்பளைங்க முறை."

"நட. வழி காட்டு."

உள்ளே நடந்தது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கம்பக்கத்துப் பெண்களும் இருந்திருக்கிறார்கள். பிரீடா வீம்பாக, சூடு அதிகமான மேல்பலகையில் போய் உட்கார்ந்தார். அம்மா அடுப்பின் சூட்டுக் கல்லில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்ற, ஆவி குபீரென்று எழுந்தது.

"கீழ வந்துடும்மா. புரட்சி வர்றதுக்குள்ள வெந்துடப்போற."

தரையோரம் இறங்கி, மூச்சு வாங்கியபடி, முகாமின் நிலையைப் பிரீடா சொல்லி முடித்தார்.

"அம்புட்டுப் பெரிய எழுத்துல போட்டியே, அதுல சாப்பாடுங்கிற வார்த்தையே இல்லையே?" என்றாள் அம்மா.

"ஒருமைப்பாடுன்னு போட்டிருந்தேனே."

"அதைக் கொதிக்க வைக்க முடியுமா? எங்க வீட்டுல ஒரு மூட்டை உருளைக்கிழங்கு தர்றேன்."

ஒருத்தி பட்டாணி தருகிறேன் என்றாள். இன்னொருத்தி, புருஷனைக் கேட்காமலே, பாதிப் பன்றி என்றாள். தலை துவட்டக்கூட நிற்காமல் பிரீடா அடுத்த வீட்டுச் சவுனாவுக்குப் போனார். பிறகு அதற்கடுத்த வீட்டுக்கு.

ஞாயிறு காலை மன்றத்து அடுப்பு எரிந்தது. திங்களன்று ஒருவரும் காட்டுக்குள் போகவில்லை. பனி விழுமுன் கூலி உயர்ந்தது.

அடுத்த இதழின் முதல் பக்கத்தில், கட்சி வழக்கப்படி, பிரீடா சுயவிமர்சனம் எழுதினார். மக்களைக் கேட்காமல் மக்களைக் கூட்டியது தன் தவறு என்றும், எங்கள் அம்மா அந்தத் தவறைச் சரியான வெப்பநிலையில் சுட்டிக்காட்டினார் என்றும் அதில் இருந்தது. அம்மா அதை வெட்டி வைத்திருக்கிறாள்.

பிரீடா இப்போது டுலூத்தில் இருக்கிறார். அங்கே துறைமுகத் தொழிலாளர்களின் வாரப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர்.