ஸ்டெல்லாவின் திங்கட்கிழமைக் கண்

கடந்த திங்கட்கிழமை காலை, செம்பூரில் எங்கள் கண் மருத்துவமனையில் விழித்திரையை ஸ்கேன் செய்யும் ஓசிடி எந்திரத்தைப் போட்டுவிட்டு, என்னுடன் படமெடுக்கும் ஸ்டெல்லாவுக்காகக் காத்திருந்தேன். எந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, வாரத்தின் முதல் படமாக அவள் கண்ணைத்தான் எடுப்போம். வந்தது அவள் தம்பியின் போன். "ஸ்டெல்லாக்கா போயிட்டா. குர்லா ஸ்டேஷன்ல வண்டி மாறும்போது... ஹார்ட் அட்டாக்காம்." "எங்கே போயிட்டா?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

அவளை அறிந்தவர்களுக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கும். "சாச்சா, அந்தப் பச்ச வெளிச்சத்தையே பாருங்க. கண்ண மூடிறாதீங்க. ஆங், ஹோ கயா, முடிஞ்சிட்டு!" விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுப்பது என்றதும் மிரள்பவர்களிடம், "கேக்க வெட்டுனா அடுக்கு தெரியும்லா? அதே மாதிரிதான். ஆனா கத்தி கெடையாது" என்பாள்.

அவளுக்கும் ஒரு பயம் உண்டு. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து அவள் அம்மாவுக்கு நடுப்பார்வை போய்விட்டது. தனக்கும் அதன் அறிகுறி தெரிகிறதோ என்று திங்கள்தோறும், "ஏட்டி, மஞ்சப் புள்ளி ஏதும் இருக்கா? மறைக்காம சொல்லு" என்பாள். அவள் போவதற்கு முந்தைய வாரமும் கேட்டாள். "சுத்தமா இருக்குடி. கிழவியானாலும் நீ ஊசியில நூல் கோப்பே" என்றேன். அப்படிச் சிரித்தாள். கண்ணையே காவல் காத்தோம். நெஞ்சை யாரும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தாராவி வீட்டில் சவப்பெட்டியருகே அவள் அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். "பெத்த புள்ளைய ஒரு தடவகூடப் பாக்க மாட்டேங்காளே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்வை போன புதிதில் ஸ்டெல்லா அம்மாவைப் பழக்கியது என் கண்முன்னால்தான். "நேராப் பாத்தா இருட்டாத்தான் இருக்கும்மா. சுவத்தப் பாரு. ஓரத்துல நான் தெரிவேன்."

அம்மா மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணின் படங்கள் எந்திரத்தில் அப்படியே இருக்கின்றன. நான் வைத்துக்கொள்வது அவள் அம்மாவிடம் சொன்ன அந்த வார்த்தையைத்தான். இன்று காலை அவள் நாற்காலியை நேராகப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். ஓரத்தில் நாற்காலி மட்டும்தான் தெரிந்தது.