எல்.கே.ஜி. வகுப்பில் சேறு

ஆளுக்கு ஓர் இலை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டுப்பாட நோட்டிலும் தெளிவாக எழுதி அனுப்பினேன்: 'வீட்டுப் பக்கத்தில் கீழே விழுந்து கிடக்கும் ஏதாவது ஓர் இலை.' மறுநாள் காலை என் வகுப்பின் இருபத்து மூன்று குழந்தைகளில் பாதிக்கு மேல் கடையில் வாங்கிய இலையோடு வந்து நின்றார்கள். வாசலில் தோரணமாகக் கட்டுகிற பிளாஸ்டிக் மாவிலை ஒன்று. பளபளவென்று ஸ்டிக்கர் இலைகள். நான்கைந்து பேர் 'இலைகளின் வகைகள்' என்று அச்சிட்ட படத்தாளைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார்கள். ஒரு பையன் நீட்டியது நிஜமான அரச இலைதான். ஆனால் அதை அவன் அப்பா லேமினேஷன் செய்து கொடுத்திருந்தார்.

"கசங்கிப் பூடும்னு அப்பா சொன்னாரு மிஸ்" என்றான்.

எங்கள் பள்ளி பண்டசோழநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன நர்சரி பள்ளி. மூன்று பக்கமும் நெல்வயல். நான்காவது பக்கம் புளியமரங்கள் வரிசையாக நிற்கும் ரோடு. ஜன்னலைத் திறந்தால் இலை தானாக மேசையில் வந்து விழும்.

நான் மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகிறேன். இதற்கு முன் டவுனில் ஒரு பள்ளியில் நான்கு வருடம், அச்சடித்த ஆப்பிளுக்குள் கோடு தாண்டாமல் சிவப்பு அடிக்கக் கற்றுக்கொடுத்தேன். அது அலுத்துப்போன நேரத்தில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போனேன். குழந்தைகளை வெளியே கூட்டிப்போங்கள், மண்ணையும் இலையையும் அவர்களே தொட்டுப் பார்க்கட்டும், ஓவியம் தானே வரும் என்றார்கள். அப்படியே நம்பினேன். இந்தப் பள்ளியில் சேர்ந்ததும் தலைமையாசிரியையிடம் அதைத்தான் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. "தாராளமா செய்ங்க மிஸ். சத்தம் வரக் கூடாது, சட்டை அழுக்காகக் கூடாது, ட்ராயிங் நோட்டு காலியா இருக்கக் கூடாது" என்றார். அந்த மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தது என் முதல் தப்பு.

முதல் நாள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் வரப்புக்குக் கூட்டிப்போனேன். குழந்தைகள் வியந்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தரும் வியக்கவில்லை. அழகான ஒரு புல்லைக் காட்டி, "இதோட பச்சை எப்படி இருக்கு பாருங்க" என்றேன். "அது மாடு துன்றது மிஸ்" என்று நாலு பேர் ஒன்றாகச் சொன்னார்கள். முருங்கை மரத்தில் ஒரு புழு ஒட்டியிருந்தது. உடம்பு முழுக்க மயிர், பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. தொட்டு உணரும் பாடம் நடத்துகிற ஆர்வத்தில் விரலை நீட்டினேன்.

"மிஸ், அது கம்பளிப்பூச்சி. கைய வெச்சா அரிக்கும்" என்றது ஒரு குரல். அதற்குள் தொட்டுவிட்டிருந்தேன். இரண்டு நாள் அரித்தது.

எச்சரித்தவள் என் வகுப்பின் ஒல்லியான ஒரு பெண் குழந்தை. அவள் அம்மா நடவு, களை என்று வயல் வேலைக்குப் போகிறவர். வகுப்பில் அவள் கிரேயானைத் தொடவே மாட்டாள். மற்ற குழந்தைகளுக்கு அந்தத் தயக்கமே கிடையாது. தாளைக் கொடுத்ததும் முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு ஓட்டு வீடு. எங்கள் பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலையே கிடையாது. "மலை எங்கடா பார்த்தே?" என்று ஒருவனைக் கேட்டால், "அக்கா சொல்லிக் குட்த்துச்சு" என்பான். வெளியே கூட்டிப்போய் வரப்பையும் கொக்கையும் காட்டிக் கூட்டிவந்து உட்காரவைத்தாலும் அதே இரண்டு மலைதான். எனக்கு ஆத்திர ஆத்திரமாக வரும்.

செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் நீலம் கலந்த ஊதா வரும் என்று காட்டிய நாள் மட்டும் வகுப்பு முழுக்க மலைகளை மறந்து தேய்த்தது. தாளில் தேய்த்தது போக மீதியை வெள்ளைச் சட்டையில் தேய்த்தது. பூப் பறிக்கப் போன வழியில் வாய்க்கால் மண்ணையும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மறுநாள் கேட்டில் ஐந்து அம்மாக்கள் காத்திருந்தார்கள். எல்லோரும் சோப்பைப் பற்றியும் கறையைப் பற்றியும் பேசினார்கள். அந்த ஒல்லிப் பெண்ணின் அம்மா மட்டும் கடைசி வரை ஒதுங்கி நின்றுவிட்டு என்னிடம் வந்தார். தலையில் முண்டாசுத் துண்டு, வேலைக்குப் போகிற அவசரம்.

"மிஸ், கோச்சுக்காதீங்க. நேத்து பாப்பா கைகாலெல்லாம் சேறு. இன்னான்னு கேட்டா, மிஸ்ஸுதான் மண்ணத் தொட்டுப் பாக்கச் சொன்னாங்கன்னுது."

"ஆமாங்க. தொட்டுப் பார்த்தாத்தான் அவங்களுக்கு..."

"நாங்க தெனம் சேத்துலதான் நிக்கறோம் மிஸ். இது நிக்கக் கூடாதுன்னுதான இஸ்கூலுக்கு அனுப்பறோம்."

அவர் குரலில் சண்டை இல்லை. முகாமில் யாரும் இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது. அவர்மேல் என்று முதலில் நினைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் பெற்றோருக்கான கண்காட்சி வந்தது. தலைமையாசிரியை ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் ஓவியம் சுவரில் இருக்க வேண்டும் என்றார். "பாத்தா இன்னான்னு தெரியணும் மிஸ். அது முக்கியம்" என்றார். ஒரு வாளியில் வாய்க்கால் மண்ணைக் குழைத்து வைத்தேன். நிறத்துக்குச் செம்பருத்தி, மஞ்சள், அடுப்புக்கரி. கெட்டி அட்டையைக் கொடுத்தேன். பள்ளி ஆயாம்மா தரையைப் பார்த்துவிட்டு, "நீங்க ஊட்டுக்குப் பூடுவீங்க, களுவறது யாரு?" என்று வாளியைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினார். நானே கழுவுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தப் பெண் அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்து வேலை செய்தாள். ஒரு மணி நேரம் நிமிரவில்லை. முடித்துக் கொடுத்தபோது அட்டை முழுக்க ஒரே சேறு. ஓரங்களில் கொஞ்சம் மேடு, ஒரு மூலையில் சின்ன இடைவெளி. அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கி வைத்தேன். நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மாலையில் குழந்தைகள் போனபிறகு சுவரில் ஒட்டும்போது அந்த அட்டை கைக்கு வந்தது. பார்த்தால் என்னவென்று தெரியவில்லை. அவள் அம்மா வந்து பார்ப்பாரே என்று பயமாக இருந்தது. பச்சை பெயின்டை எடுத்தேன். காய்ந்த சேற்றின் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன நாற்று வரைந்தேன். ஐந்து நிமிடத்தில் அழகான நடவு வயலாகிவிட்டது. கோடு தாண்டாதே என்று குழந்தைகளிடம் சொல்ல மாட்டேன் என்று சபதம் எடுத்தவள் செய்த வேலை இது.

காலையில் அவள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். அழவில்லை.

"இது என்னுது இல்ல மிஸ்."

"உன்னுதுதான்டா கண்ணு. பாரு, உன் பேர் எழுதியிருக்கு."

"நான் இன்னும் நாத்து நடல மிஸ். இப்பத்தான் ஓட்டி, மட்டம் பண்ணி, தண்ணி கட்டி வெச்சேன். நடவு அப்பறந்தான்."

அட்டை முழுக்க அவள் செய்திருந்தது நடவுக்குத் தயாரான ஒரு வயல். ஓரத்து மேடு வரப்பு. மூலை இடைவெளி மடை. மூன்று மாதமாக எதைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பீற்றிக்கொண்டிருந்தேனோ, அது நடந்திருக்கிறது. நான் அதன்மேல் பெயின்ட் அடித்திருக்கிறேன்.

"தப்பு என்னுதுதான். வேற செய்யறியா?" என்று கேட்டேன். பெற்றோர் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. தலைமையாசிரியை மணியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டார். அவள் வேறு அட்டையில் மறுபடியும் வயல் செய்தாள். இந்த முறை தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்றாள். அட்டை ஊறிப்போய்ச் சுவரில் நிற்காது என்பதால் பெஞ்சில் படுக்க வைத்தோம். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவள் அம்மா பதினொரு மணிக்கு வந்தார். நல்ல புடவை. பெஞ்சைப் பார்த்ததும், "இன்னா மிஸ் இது" என்றார்.

"நம்ம கழனிம்மா" என்றாள் மகள்.

அம்மா குனிந்தார். நான் என்ன விளக்கம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"இன்னாடி வரப்பு போட்டிருக்கே? இந்தப் பக்கம் ஒசரமே இல்ல. தண்ணி எப்புடி நிக்கும்?"

"நிக்கும்மா."

"நிக்காது. பாரு, கசியுது." தன் விரலாலேயே அந்தப் பக்கத்துச் சேற்றை அள்ளி அணைத்து உயர்த்தினார். மகள் மறுபக்கத்தை உயர்த்தினாள். பின்னால் வரிசையில் நின்ற மற்ற பெற்றோர்கள் மலைப் படங்களைப் பார்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் கசிவு நிற்கும் வரை நகரவில்லை.

கையைக் கழுவிவிட்டு அவர் என்னிடம் வந்தார். பாராட்டப்போகிறார் என்று, வெட்கமில்லாமல், எதிர்பார்த்தேன்.

"ஏ பி சி டி இன்னும் ஜே-க்கு மேல வரல மிஸ் அதுக்கு. அதையும் கொஞ்சம் பாருங்க" என்றார். நான் தலையாட்டினேன். வாசல் வரை போய்த் திரும்பி, "சேத்து வேலைய கலர் டிரெஸ் போடுற அன்னிக்கு வெச்சுக்குங்க. வெள்ளச் சட்ட தாங்காது" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து சம்மதம் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. அதற்கே நன்றி சொன்னேன்.

தலைமையாசிரியை அந்தக் கலர் டிரெஸ் யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறுவாரமே டைம்டேபிளில் ஏற்றிவிட்டார்: கலர் டிரெஸ் போடும் வெள்ளிக்கிழமை, இரண்டே கால் முதல் மூன்று மணி வரை, மண் வேலை. ஆராய்ந்து கற்பதற்கு நாற்பத்தைந்து நிமிடம். முதல் வெள்ளிக்கிழமைக்கு நானே வாய்க்காலில் இறங்கி நல்ல களிமண்ணாக எடுத்து, கல் பொறுக்கி, குழைத்து வைத்தேன். வியாழன் சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை என்று காலை ஆறு மணிக்கு மெசேஜ் வந்தது. அடுத்த வெள்ளியும் மழை, அன்றும் விடுமுறை. அதற்கடுத்த வெள்ளி நல்ல வெயில். அன்றைக்கு ஆண்டு விழா டான்ஸ் ஒத்திகை என்று பிள்ளைகளை இரண்டு மணிக்கே கூட்டிப்போய்விட்டார்கள்.