கோபிலாவிடம் சொல்லாத இருபது நாட்கள்

கோபிலா கார்க்கி எங்கள் கல்லூரிக்கு ஓட்டல் நிர்வாகம் படிக்க வந்தபோது, அவள் ஜப்பானில் ஃபுகுவோகாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மொழிப் பள்ளியை முடித்துவிட்டு வந்திருந்தாள். நான் அந்தக் கல்லூரி அலுவலகத்தில் நேபாளப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். விசா, வாடகை வீடு, பல்வலி, காதல் சண்டை எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். பெயர் பிமலா. நானும் நேபாளத்துக்காரிதான், இந்த ஊருக்கு வந்து பதினாறு வருடமாகிறது. பிள்ளைகள் எல்லோருக்கும் நான் அக்கா.

கோபிலா பால்பா பக்கம். அவள் அப்பா புட்வலிலிருந்து மலைமேல் தான்சேனுக்குப் பஸ் ஓட்டியவர். முழங்கால் தேய்ந்துபோனதும் வண்டியை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். தினமும் காலையில் மகளுக்குக் குரல் செய்தி அனுப்புவார். அதைக் கோபிலா என் மேஜை முன்னால் நின்றுகொண்டு சத்தமாகவே போடுவாள். கோழி கத்தும், யாரோ வாளியை இழுப்பார்கள், நடுவில் அவர் ஜப்பானிய மொழியில் காலை வணக்கம் சொல்லிவிட்டு இருமிக்கொண்டே பேசுவார். "ஓஹாயோ கோபிலா. இன்னைக்கு மேகம் கீழ இறங்கிடுச்சு. என் காலத்துல இந்த மாதிரி நாள்ல ஹார்னை விடாம அடிச்சுக்கிட்டே ஏறுவேன். நீ சாப்பிட்டியா?" அவ்வளவுதான் விஷயம். அரை நிமிடம்கூட இருக்காது.

காலையில் அவள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் அறை துடைத்துப் படுக்கை விரித்தாள். பிற்பகலில் வகுப்பு. அவளுக்கு ஆசையெல்லாம் அதே மாதிரி ஓர் ஓட்டலில் கீழே, வரவேற்புக் கவுண்டரில் நிற்க வேண்டும் என்பதுதான்.

"நான் விரிக்கிற படுக்கையில யார் தூங்குறாங்கன்னே எனக்குத் தெரியாது அக்கா. போனதுக்கு அப்புறம் அவங்க முடியைத்தான் பொறுக்கறேன். கீழ நின்னா முகத்தையாவது பார்க்கலாம்ல?"

இரண்டாம் வருடம் வசந்த காலத்தில் வேலை தேட ஆரம்பித்தாள். பழைய துணிக் கடையில் ஒரு கறுப்பு கோட் வாங்கினாள். கை நீளமாக இருந்ததால் உள்பக்கம் மடித்து நானே தைத்துக் கொடுத்தேன். இந்த நாட்டில் கம்பெனிகள் வேலை இல்லை என்று நேராகச் சொல்லமாட்டார்கள். தங்கள் வருங்காலம் சிறக்கப் பிரார்த்திக்கிறோம் என்று கடிதம் வரும். அந்த டிசம்பருக்குள் அவளுக்கு முப்பத்தொரு பிரார்த்தனை வந்திருந்தது.

"பசுபதிநாத்துல கூட எனக்காக இத்தனை பேர் கும்பிட்டிருக்க மாட்டாங்க" என்று சிரித்தாள். "அப்புறமும் ஒண்ணும் நடக்கலையே. சாமி நேபாளத்துலயே தங்கிடுச்சு போல. அதுக்கும் விசா கிடைக்கலையோ என்னவோ."

ஜனவரியில் பெப்பு என்ற ஊரிலிருந்த ஒரு பெரிய வெந்நீரூற்று ஓட்டல் அவளைக் கடைசிச் சுற்றுக்குக் கூப்பிட்டது. பிப்ரவரி பதினெட்டாம் தேதி நேர்காணல். மார்ச் கடைசியில் அவள் விசா முடிகிறது. வேறு கம்பெனி எதுவும் கையில் இல்லை.

பிப்ரவரி ஆறாம் தேதி சாயங்காலம் நான்கு மணிக்கு என் கைபேசியில் நேபாளத்து எண் ஒன்று வந்தது.

"அக்கா, நான் லோகேந்திரா. கோபிலாவோட அண்ணன்."

"சொல்லுப்பா."

"அப்பா போயிட்டார். விடியக்காலம். இப்பதான் ஆத்தங்கரையிலிருந்து வர்றேன்."

அவனே தொடர்ந்தான். நெஞ்சில் சளி கட்டி நான்கு நாள் புட்வல் ஆஸ்பத்திரியில் இருந்தாராம்.

"அவகிட்ட சொல்லாதீங்க அக்கா. சொன்னா அடுத்த ஃப்ளைட்ல வந்து நிப்பா. நாலு வருஷம் தண்ணியில போயிடும். வேலை உறுதியாகட்டும், அப்புறம் நானே சொல்றேன். அப்பாவும் அதான் சொன்னார், கோபிலா வேலையைக் கெடுத்துடாதீங்கடான்னு. அவர் கடைசியாச் சொன்னதே அதுதான்."

"லோகேந்திரா, இது எப்படிப்பா..."

"நீங்க எதுவும் பொய் சொல்ல வேண்டாம் அக்கா. சும்மா இருந்தாப் போதும்."

செத்தவரின் வார்த்தை என்றதும் நான் அடங்கிவிட்டேன். சரி என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பிற்பகல் கோபிலாவுக்கு நேர்காணல் பயிற்சி. வேலை வாய்ப்பு ஆசிரியை நாகதோமோ கம்பெனிக்காரராக உட்கார்ந்தார். மூன்று முறை கதவைத் தட்டி, குனிந்து வணங்கி, கோபிலா உள்ளே வந்தாள். என்னையும் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

"நீங்கள் மதிக்கும் மனிதர் யார்?" என்று கேட்டார் நாகதோமோ.

"என் அப்பா. அவர் பஸ் ஓட்டுநர். எங்கள் மலைப்பாதையில் ஒரு வண்டி போகத்தான் இடம் இருக்கும். எதிரே வருகிறவன் எவ்வளவு திட்டினாலும் என் அப்பா தன் வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிடுவார். அவனை அவன் வீட்டில் தேடுவார்கள் என்பார். வாடிக்கையாளரிடம் நானும் அப்படி நடந்துகொள்ள விரும்புகிறேன்."

நாகதோமோ ஒரு வினைச்சொல்லைத் திருத்தினார். "உங்க அப்பாவைப் பத்திப் பேசும்போது உங்க முகமே மாறுது கோபிலா. அப்படியே பேசுங்க, வேற எதையும் மாத்தாதீங்க."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் நாகதோமோ என்னைத் தேடிக்கொண்டு நடைபாதைக்கு வந்தார். அவரிடம் சொல்லிவிட்டேன்.

"கோபிலாகிட்ட சொல்லிடுங்க, பிமலா. ஓட்டலுக்கு நான் ஃபோன் பண்றேன். அப்பா இறந்துட்டார்னா தேதியைத் தள்ளி வைப்பாங்க. நான் கேட்டு வாங்கித் தர்றேன்."

"தள்ளி வைக்கலைன்னா?"

"வைக்கலைன்னாலும் அவ அப்பா இல்லையா அது?"

நான் கேட்கவில்லை. முப்பத்தொரு கடிதம் என் கண்ணில் நின்றது. குடும்பம் எடுத்த முடிவு, நாம் நடுவில் போகக் கூடாது என்றேன். நாகதோமோ அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வீட்டு விஷயம் என்று நினைத்திருப்பார்.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வருகிறேன் என்று சொல்லாமலேயே கோபிலா என் வீட்டுக்குக் கோழிக்கறி வைத்து அவித்த மோமோ செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். எங்களில் அப்பா இறந்தால் கல்யாணமாகாத மகளும் பதின்மூன்று நாள் உப்புத் தொடக் கூடாது. கறி நினைக்கவே கூடாது. நான் அவசரமாகப் பால் பாயசம் வைத்தேன்.

"இன்னைக்கு எனக்கு விரதம். நீயும் பாயசமே சாப்பிடேன்."

"என்ன விரதம் புதுசா? மாமா ஏதாவது சண்டை போட்டாரா?" என்று என் கணவரைப் பார்த்துக் கண்ணடித்தாள். தக்காளி ஊறுகாயில் தொட்டுத் தொட்டுப் பதினைந்து மோமோ சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் குறைவு என்று சொல்லி எழுந்து போய் உப்பு டப்பாவையும் எடுத்து வந்தாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுக் கைபேசியை நீட்டினாள். "அக்கா, இதைப் பாருங்களேன். அப்பாவுக்குத் தொண்டை கட்டிடுச்சாம், பேச முடியலையாம். டைப் பண்ணக் கத்துக்கிட்டார்! இந்த வயசுல! அண்ணன் சொல்லிக் கொடுத்திருக்கான் போல."

திரையில் ஆங்கில எழுத்தில் நேபாளி. 'நீ சாப்பிட்டியா. குளிர் அதிகமா. நல்லாப் படி.' எழுத்துப் பிழைகூட விட்டிருந்தான். தலையை மழித்து, வெள்ளை உடுத்தி, யாரும் தொடாமல் கருமத்துக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து லோகேந்திரா அதை அடித்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப நல்லாயிருக்கு" என்றேன் நான்.

பதினெட்டாம் தேதி அவள் பெப்புவுக்குப் போய் வந்தாள். அன்றைக்குத்தான் ஊரில் பதின்மூன்றாம் நாள் காரியம். ரயிலிலிருந்து எனக்கு ஃபோன் செய்தாள். "அப்பா கதையைச் சொன்னேன் அக்கா. அந்த ஓட்டல் முதலாளியம்மா சிரிச்சுட்டாங்க. அப்பாகிட்ட சொன்னேன், 'சபாஷ்'னு போட்டிருக்கார்."

இருபத்தாறாம் தேதி மதியம் அலுவலகத்தில் என் எதிரிலேயே அவளுக்கு ஓட்டலிலிருந்து அழைப்பு வந்தது, வேலை உறுதி என்று. நின்றபடி கேட்டாள், நன்றி நன்றி என்று காற்றில் குனிந்து குனிந்து வணங்கினாள். வைத்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் லோகேந்திராவுக்குச் சொல்லிவிடலாம், அவன் பார்த்துக்கொள்வான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் அப்பாவின் எண்ணுக்கு வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள்.

"இரு கோபிலா, கொஞ்சம் இரு" என்றேன்.

"முதல்ல அப்பாகிட்டதான் அக்கா."

மூன்று வாரமாக லோகேந்திரா வீடியோவை எடுக்கவே இல்லை. அன்று அவன் எங்கோ வெளியே போயிருக்கிறான். மணி விடாமல் அடிக்கவும் அம்மா எடுத்திருக்கிறாள். எந்தப் பொத்தானை அழுத்தினாளோ, முகம் வந்துவிட்டது. வெள்ளைச் சேலை. வளையல் இல்லை. வகிட்டில் குங்குமம் இல்லை, கழுத்தில் சுமங்கலிகள் போடும் பாசிமணி இல்லை.

அம்மா திரையைத் தொட்டாள், மகளின் முகத்தைத் தடவுகிற மாதிரி. பிறகு அந்தப் பக்கம் கைபேசி கீழே விழுந்து கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது.

கோபிலா அழவில்லை. அண்ணனின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இதுல எது அப்பா, எது நீ? அதை மட்டும் சொல்லு."

அவன் சொன்ன தேதிவரை செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனாள். பிப்ரவரி ஒன்றாம் தேதியில் விரல் நின்றது. ஒரு கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது என்று அவர் குரலில் சொன்ன செய்தி. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் லோகேந்திரா.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஆறாம் தேதி."

"ஒன்பதாம் தேதி உங்க வீட்ல மோமோ சாப்பிட்டேன்."

"கோபிலா..."

"உப்பு வேற போட்டுக்கிட்டேன்."

பையை எடுத்துக்கொண்டு போனாள். நாகதோமோ பின்னாலேயே படியிறங்கி ஓடினார். நான் நாற்காலியிலிருந்து எழவில்லை.

அவள் ஊருக்குப் போகவில்லை. இனி யாரைப் பார்க்கப் போவது என்று நாகதோமோவிடம் சொன்னாளாம். தன் அறையில் தனியாகப் பதின்மூன்று நாள் உப்பில்லாமல் ஒரு வேளை சோறு தின்றிருக்கிறாள். தேதி தப்பிப்போன அந்தத் துக்கத்துக்குப் பண்டிதர் யாரும் சம்மதிக்கமாட்டார். பட்டமளிப்பு நாளில் கூட வராமல், ஏப்ரலில் பெப்புவுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

டிசம்பரில் விடுமுறை எடுத்து ஊருக்குப் போனாள். திரும்பி வந்த மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வா என்றதற்கு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா எல்லாம் சொன்னாங்க. அப்பா அப்படி எதுவும் சொல்லலையாம் அக்கா. வேலையைக் கெடுத்துடாதீங்கன்னு சொல்லவே இல்லையாம். நாலு நாளும் என்னைத்தான் கேட்டாராம். கோபிலாவைக் கூப்பிடு, குரலையாவது கேட்கணும்னு. அண்ணன் இதோ இதோன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கான். அப்பா மூச்சு வாங்குறதைக் கேட்டா நான் ஓடி வந்துடுவேன்னு கூப்பிடவே இல்லை."

அப்போதாவது என்னிடம் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்று தோன்றியது. நாகதோமோ தேதியைத் தள்ளி வாங்கித் தருகிறேன் என்று சொன்னதையும் நான் வேண்டாம் என்றதையும் சொன்னேன்.

"இதை ஏன் இப்ப சொன்னீங்க?"

"உனக்குத் தெரியணும்னுதான்."

"அன்னைக்குச் சொல்ல வேண்டியதை இன்னைக்குச் சொல்றீங்க. உங்க பாரம் இறங்கிடுச்சு. நான் எங்க போய் இறக்கறது?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. லோகேந்திராவோடு அவள் இன்றுவரை பேசவில்லை. அம்மாவோடு பேச ஒரு தனிக் கைபேசி வாங்கி அனுப்பியிருக்கிறாள். லோகேந்திரா எப்போதாவது என்னைக் கூப்பிடுவான். "அவ நல்லதுக்குத்தானே அக்கா செஞ்சேன்? இப்ப நல்லாத்தானே இருக்கா?" என்பான். அவனும் அப்பாவை இழந்தவன்தான். அந்தப் பதின்மூன்று நாளும் அப்பாவாக நடித்துத் தங்கைக்கு எழுதிவிட்டுத் தானும் அழுதிருக்கிறான்.

போன வருடம் இன்னொரு மாணவன் வீட்டிலிருந்து இதே மாதிரி ஃபோன் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். பரீட்சையை விட்டுவிட்டு ஊருக்குப் போனான், திரும்பி வர முடியவில்லை. அது சரியா என்றும் எனக்குத் தெரியவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைப் பெப்புவுக்கு ஓட்டல் பார்க்க அழைத்துக்கொண்டு போனோம். கோபிலாவின் ஓட்டலைக் கல்லூரிதான் தேர்ந்தெடுத்தது. நான் வரவில்லை என்றேன், ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

கவுண்டரில் அவள் நின்றிருந்தாள். நல்ல உடுப்பு, அளவெடுத்துத் தைத்தது. எங்களைப் பார்த்ததும் மற்ற விருந்தாளிகளுக்கு வணங்குகிற அதே அளவு குனிந்து வணங்கினாள். அறைச் சாவியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, மிகுந்த மரியாதையான ஜப்பானிய மொழியில், நீண்ட பயணத்துக்குப் பிறகு களைப்பாக இருப்பீர்கள் என்றாள்.

"கோபிலா" என்றேன் நேபாளியில்.

"காலை உணவு ஏழு மணிக்கு" என்றாள் ஜப்பானிய மொழியில்.

பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களிடம் நேபாளியில் கலகலவென்று பேசினாள். கோட் எங்கே வாங்குவது, எத்தனை கம்பெனிக்குப் போடுவது, எல்லாம் சொன்னாள்.

"கடைசி நேர்காணல்ல என்ன அக்கா கேட்டாங்க?" என்றாள் ஒரு பெண்.

"யாரை மதிக்கிறேன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"அப்பாவைன்னு சொன்னேன்."

"ஐயோ, அப்பா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்" என்றாள் அந்தப் பெண்.

கோபிலா என் பக்கம் திரும்பவில்லை. "ஆமா, 'சபாஷ்'னு சொன்னார்" என்று சொல்லிவிட்டு, பின்னால் வரிசையில் காத்திருந்த வயதான தம்பதியைப் பார்த்து வணங்கி, அவர்கள் பெயரைக் கேட்டாள்.