கையைக் காட்டச் சொல்லும் அட்டை

கலியாணமாகி உரும்பிராய்க்கு வந்த முதல் வருடம், ஞாயிறு பின்னேரங்களில் நானும் கணவரும் அட்டை விளையாடினோம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் அல்ல. மந்திரவாதிகளும் பேய்களும் அச்சிட்ட அட்டைகளில் வேண்டியதைப் பொறுக்கி, ஆளுக்கொரு கட்டு சேர்த்து மோதுகிற விளையாட்டு. கொழும்பில் படித்த காலத்தில் அவர் வாங்கியவை இரண்டு சப்பாத்துப் பெட்டி நிறைய இருந்தன. இங்கே கூட விளையாட ஆளில்லாததால் எனக்குப் பழக்கினார்.

இரண்டு மாதத்தில் அவரை வெல்லத் தொடங்கினேன். என் கட்டில் நெருப்புக் கக்கும் பெரிய நாகம் ஒன்று. அதை இறக்க ஏழு சுற்றாவது காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எனக்குக் கைவந்த விஷயம்.

பிறகு அவர் புதுக் கட்டு ஒன்று சேர்த்தார். முதற் சுற்றிலேயே ஒரு அட்டையை வைத்து, "கையைக் காட்டும்" என்றார். கையிலிருந்த அட்டைகளை விரித்துக் காட்டினேன். நாகத்தை எடுத்துக் கழிக்கச் சொன்னார். அடுத்த அட்டை, என் கையிலிருந்து அவர் பார்க்காமலே ஒன்றை உருவிக் கழிக்க வைத்தது. நாலாம் சுற்றில் என் கையில் ஒன்றுமில்லை.

நான் ஒன்றுமே செய்யவில்லையே, இதென்ன விளையாட்டு என்று கேட்டேன்.

"நீர் நல்லதையெல்லாம் பிறகு பிறகு எண்டு பொத்தி வைச்சிருக்கிறீர்" என்றார். "வைச்சிருந்தால் நான் எடுப்பன்."

மூன்று ஞாயிறு தொடர்ந்து தோற்றேன். புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறேன். அங்கே பஸ்ஸில் போகும்போதும் மனதுக்குள் கட்டைப் பிரித்து அடுக்கியபடி, ஒருநாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கத்தரிக்காய்க் கறி அடிப்பிடித்தது. சின்னச் சின்ன அட்டைகளாக, கைக்கு வந்தவுடன் இறக்கக்கூடியவையாகச் சேர்த்தேன். பெட்டியின் அடியில் ஒரு நரி கிடைத்தது. எதிராளி அதைக் கழிக்க வைத்தால் தானாகவே களத்தில் இறங்கிவிடும். அதையும் செருகினேன்.

நாலாம் ஞாயிறு வென்றேன். ஆனால் ஒரு தரம்கூட அவர் கையைக் காட்டச் சொல்லவில்லை. அவர் தேத்தண்ணி போடப் போன நேரம் அவருடைய கட்டைப் புரட்டினேன். கழிக்க வைக்கிற அட்டை ஒன்றுகூட அதில் இல்லை.

கோப்பைகளோடு வந்தவரிடம் ஏன் என்று கேட்டேன். கோப்பைகளை மேசையில் வைத்தார்.

"ரெண்டு கிழமையாய் நீர் என்னோடை ஒழுங்காய்க் கதைக்கேல்லை. அதுதான் எடுத்திட்டன்."

நான் விளையாட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் அவர் என்ன சாப்பிட்டார், கரவெட்டியில் அவருடைய அம்மாவுக்குக் காய்ச்சல் சுகமானதா என்று ஒன்றும் நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"தோக்கிறது எனக்குக் காரியமில்லை. நீங்கள் விட்டுத் தாறதுதான் ஏலாது. திரும்பப் போடுங்கோ."

போட்டார். மறுபடி விளையாடினோம். தேத்தண்ணி ஆறியது. இரண்டாம் சுற்றில் அவர் பார்க்காமல் உருவியதில் நரி அகப்பட்டு, களத்தில் இறங்கியது. அவர் அதை எடுத்து இரண்டு தரம் வாசித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அட்டைக்கும் யோசித்து யோசித்துத்தான் கை வைத்தார். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவின் காய்ச்சலைப் பற்றி இடையில் கேட்டேன். சுகமாம் என்றார், கண்ணை எடுக்காமல்.

அந்த ஆட்டத்தில் தோற்றேன், ஆனால் பத்தாம் சுற்றில்தான். அவர் எழும்ப முதலே என் கட்டைக் கலைத்து அடுக்கத் தொடங்கியிருந்தேன்.