அண்ணி போட்ட சொட்டு

எங்கள் அண்ணிக்குத் தொழிற்சாலையில் ‘சொட்டு’ என்று பட்டப்பெயர். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் செய்கிற இடம் அது. கார்பன் பூசிய சின்ன மின்முனைமேல் நொதிக் கரைசலைச் சொட்டுவது அவர் வேலை. ரத்தச் சர்க்கரையோடு நொதி வினைபுரியும்போது பிறக்கும் துளி மின்சாரத்தைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டும். சொட்டு ஓரம் போனால் ஸ்ட்ரிப் குப்பைக்கு. வீட்டில் டீயைச் சிந்தாமல் ஊற்றத் தெரியாதவருக்கு அங்கே கை பிசகியதே இல்லை.

அந்தத் தலைக்கனம் வீட்டுக்கும் வரும். “டாக்டர் தப்பாச் சொல்லலாம், என் ஸ்ட்ரிப் சொல்லாது” என்பார். அப்பாவுக்கு இன்சுலின் போடும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். மகள் என்று நான் ஒருத்தி இருக்கிறேன், பேருக்கு. எனக்கு எரியும்.

ஒரு மாலை அப்பா நாற்காலியில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார். பேச்சு குழறியது. நான் பதறிக்கொண்டிருக்கும்போதே வேலையிலிருந்து வந்த அண்ணி, தோள்பையைக்கூட இறக்காமல் அப்பாவின் விரலில் குத்திப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

“எக்கச்சக்கமா ஏறியிருக்கு. ஊசி போடணும்.”

“அண்ணி, சர்க்கரை இறங்கினாத்தான் அப்பாவுக்கு இப்படி வேர்க்கும். ஊசி போட்டா ஆளே போயிடுவாரு!”

“மீட்டர் காட்டுதுல்ல? நீ சும்மா இரு.”

ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டார். குறுக்கே போய் நின்றேன். என்னைத் தள்ளிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்தவர் அப்படியே நின்றார்.

வேலையில் எப்போதும் கையுறை. இங்கே வெறுங்கை. குத்தும்போது அவசரத்தில் கவனிக்காதது இப்போது தெரிந்தது: அப்பாவின் விரல்கள் பிசுபிசுவென்று ஒட்டின. அண்ணி முகர்ந்து பார்த்தார். ஆரஞ்சுச் சாறு. நாற்காலிக்கு அடியில் உரித்த பழம் முழுசாகக் கிடந்தது. மயக்கம் வருவது தெரிந்து உரித்திருக்கிறார், வாய்க்குக் கொண்டுபோகத் தெம்பில்லை. ஸ்ட்ரிப் ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறது, பழத்தின் சர்க்கரையையும் சேர்த்து.

அண்ணி ஊசியை வீசினார். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி குத்தினார். நாற்பத்தாறு. நான் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன்.

அப்பா தெளிந்ததும் அண்ணி உடைந்து அழுதார். “கொன்னிருப்பேன் மாமா.”

“நான் இங்கதானேம்மா இருக்கேன்” என்றார் அப்பா, ஒன்றும் புரியாமல்.

அண்ணி மருந்துப் பெட்டியை என்னிடம் நீட்டினார். “இனிமே நீயே போடு.”

இத்தனை நாள் நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். ஆனால் கை நீளவில்லை.

“நீங்க மீட்டரைப் பாருங்க அண்ணி” என்றேன். “நான் அப்பாவைப் பாத்துச் சொல்றேன்.”