தடியன் எழுத்தில் ஒரு கல்யாணம்

குழித்துறை அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் ததேயுசுக்கு மனிதர்களைவிட எழுத்துகளோடுதான் பழக்கம் அதிகம். கோர்ட்டு நோட்டீசுக்கான ஒல்லி எழுத்து, ஜப்திக்கு வந்த ஆமீனைப்போல, சிரிக்கவே சிரிக்காது. கல்யாணக் கடிதாசிக்கான கொடி எழுத்து, பவுடர் அப்பிய நாடகக்காரன். தடியன் எழுத்தோ பாவம், சவப்பெட்டி தூக்கவே பிறந்தவன். சாவு அறிவிப்பைத் தவிர வேறெதற்கும் அவனை எடுக்கமாட்டார்கள். கடற்கரையில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தாளில் கறுப்பும் தடிப்புமாகக் கண்டால் போதும், "யாரு போயிட்டா?" என்று மாரில் அடித்துக்கொள்வார்கள்.

1931-இல், முப்பத்தாறு வயதில், ஒருவழியாக ததேயுசுக்குப் பெண் அமைந்தது. குளச்சல் மீன் வியாபாரி ஏசுஅடிமையின் மகள் செசிலி. கடிதாசியை மாப்பிள்ளையே அடிப்பதாக ஏற்பாடு. மாதிரியைப் பார்த்த மாமனார் முகத்தைச் சுளித்தார்.

"என்ன மருமவனே, கொசு செத்துக் கிடக்க மாதிரி இருக்கு? எனக்க பேரு நடுக்கடல்ல நின்னு பாத்தாலும் தெரியணும். அந்தத் தடிச்சத எடும்."

"மாமா, அது துட்டிக்கு உள்ளதாக்கும்."

"எழுத்துல ஏது ஓய் துட்டி? எனக்க மவ வேணுமா, உமக்க கொடி எழுத்து வேணுமா?"

முப்பத்தாறு வயதுக்காரர் என்ன சொல்வார்? தடியனையே கோத்தார்.

கடிதாசி போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே கடியபட்டணத்திலிருந்தும் முட்டத்திலிருந்தும் பெண்கள் அழுதுகொண்டே வந்தார்கள். துட்டி வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதல்லவா, தலையில் கஞ்சிப் பானை வேறு. எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவர், உச்சியில் ஏசுஅடிமையின் பெயரைக் கண்டதோடு சரி. மீதியை வாசிக்கக் கண்ணீர் விடவில்லை. பல் தேய்த்தபடி வாசலுக்கு வந்த ஏசுஅடிமையின் கழுத்தையே கட்டிக்கொண்டு, "போயிட்டியே ராசாவே!" என்று அலறினாள், கூட்டத்துக்கு முன்னால் வந்த வியாகுலம்மாள்.

"ஏட்டி, விடு! நான் சாவல!"

சேதி கேட்ட ததேயுஸ், கல்யாணம் முறிந்தது என்று முடிவுகட்டிக்கொண்டே ஓடிவந்தார். கதவு மறைவில் செசிலி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமனார் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாரும். இருநூறு பேரு, கேட்டீரா! எனக்காக அழ இத்தற பேரு உண்டும்னு எனக்கே தெரியாது."

"அப்போ கல்யாணம், மாமா?"

"சொன்னபடி திங்கக்கிழம நடக்கும். ஆனா எனக்க தம்பி மரியஜான பாத்தீரா? இன்னும் வரல. அவனுக்குக் கல்யாணச் சோறு கெடையாது."

"சித்தப்பாவுக்கு வாசிக்கத் தெரியும்லா, அப்பா," என்றாள் செசிலி.

"வாசிக்கத் தெரிஞ்சா? அண்ணனுக்கு அழப்பிடாதா?"